சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவு

பிரபு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். காலையில் இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, மாமனார் அனுப்பிய காரில் பெண்டாட்டியோடு மறுவீட்டு விருந்துக்கு வானகரம் கிளம்பிப் போனதை இந்தக் கண்ணால்தானே பார்த்தேன். நாளைக்குக் கோயில் என்பதால் கவிச்சி இருக்காது. வடையும் பாயசமுமாக உன் இலை நிறைந்திருக்கும். சாப்பிடு. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இதைப் படி. உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் இரண்டு வீட்டு ஆட்களும் இருக்கிற கல்யாண குரூப்பில் போடுகிறேன். சீராக வந்த அந்த ஷாஃப்ட்டின் படத்துக்குக் கீழே கைகூப்பியும் இதயம் போட்டும் வாழ்த்திய அத்தனை பேரும் படிக்கட்டும். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

நாளை விடியற்காலையில் உன் ஜீப்பில் நீ கொல்லிமலைக்குப் போகப் போகிறாய். சம்பந்தி வீட்டுக் குலதெய்வம் மலைமேல் இருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு பொங்கல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நீ, சிந்து, அவளுடைய அப்பா, அம்மா, நாலு பேர். பின்னால் பொங்கல் பானைகள், அரிசி மூட்டை, விறகுக் கட்டு, தண்ணீர் கேன்கள். இத்தனையையும் சுமந்துகொண்டு ஊசி வளைவுக்கு மேல் ஊசி வளைவாக ஏறி, அதே வழியில் இறங்கி வர வேண்டும். அந்த ஏற்றமும் இறக்கமும் வண்டியின் அடியில் மாட்டியிருக்கும் ஓர் இரும்புக் குழாயை நம்பித்தான். இன்ஜின் சுற்றும் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற குழாய். நீங்கள் ஷாஃப்ட் என்கிறீர்கள். அந்த ஷாஃப்ட் அந்த வண்டிக்குப் பொருந்தாது. உனக்கு அது தெரியும். தெரிந்தே மாட்டினாய். என் கோபம் முழுவதும் இதுதான், மீதியெல்லாம் விளக்கம்.

இந்த அம்மாவுக்கு ஷாஃப்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று குரூப்பில் யாராவது சிரிக்கலாம். தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான். ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு அயப்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டி, வாசலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு நீ பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து, காடு மேட்டில் ஓட ஜீப்பை உயரமாகத் தூக்கிக் கட்டுவதைத் தவிர இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சு கிடையாது. ரசம் ஊற்றும்போது ஸ்பிரிங், மோர் ஊற்றும்போது ஷாஃப்ட். உன் அப்பா பாக்டரி கதையை ஆரம்பித்தால்கூட நடுவில் புகுந்து உன் வண்டிக்குத் திருப்பிவிடுவாய். வண்டியை உயர்த்தினால் இன்ஜின் மேலே போய்விடும், அச்சு கீழேயே நிற்கும், நடுவில் ஷாஃப்ட் சரிந்துவிடும், பழையது நீளமும் பத்தாது சாய்வும் ஒத்துவராது, புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கேதான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள் என்பாய். பள்ளத்தில் அச்சு இறங்கும்போது ஷாஃப்ட் நீள வேண்டும், மேட்டில் ஏறும்போது சுருங்க வேண்டும், அதற்காக ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற பாகம் அதில் இருக்கிறது என்று சொல்லி, என் மடக்குக் குடையை எடுத்துக் கம்பியை இழுத்தும் தள்ளியும் காட்டினாய். "முழுசா உள்ள போன கம்பிய இன்னும் அழுத்தினா என்னம்மா ஆகும்?" என்று கேட்டாய். "குடை உடையும். குடுடா இங்க" என்றேன். "ஷாஃப்ட்டும் அதேதான். சுருங்க எடம் இல்லேன்னா முன்னாடி கியர் பெட்டியையும் பின்னாடி அச்சையும் போட்டு இடிக்கும். ஏதாவது ஒண்ணு உடையற வரைக்கும் இடிக்கும்" என்றாய். மறுபக்கம் ஸ்பேனர் பிடிக்க ஆள் இல்லாதபோது என்னைத்தான் கூப்பிடுவாய். போல்ட்டின் தலையை ஒருத்தர் பிடிக்காவிட்டால் நட்டு கழலாது, இரண்டும் சேர்ந்து சும்மா சுற்றும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பிடித்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடிக்காரரை நினைத்துப் பார். அம்பத்தூர் அடுக்குமாடியில் குடியிருக்கிறவர், ஐ.டி. வேலை, சனி ஞாயிறு ஆனால் காடு மேடு என்று சுற்றுகிறவர். எங்கேயோ ஆர்டர் போட்டு வரவழைத்த பளபளவென்ற ஷாஃப்ட்டோடு வந்து நின்றார். மாட்டிக் கொடுங்கள், சாயங்காலம் கிளம்ப வேண்டும் என்றார். நீ முடியாது என்றாய். "சார், வண்டி நாலு சக்கரத்துல தரையில நிக்கணும். நீங்க எத்தனை பேர் போவீங்களோ அத்தனை பேரும் ஏறி உக்காரணும். மூட்டை முடிச்சும் ஏத்தணும். அப்பதான் டேப்ப எடுப்பேன்" என்றாய். அவர் கோபித்துக்கொண்டார். நீ அசையவில்லை. அவருடைய நண்பர்களை வரவழைத்து, அந்த வெயிலில் வண்டிக்குள் பொம்மைபோல் உட்கார வைத்து அளந்தாய். பாவம், நான் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். அவர் கொண்டுவந்தது சேரவில்லை. திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டாய். "இத மாட்டி அனுப்பிட்டு நான் வீட்ல படுத்துத் தூங்க முடியாது சார்" என்று நீ சொன்னபோது நான் அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். என் பிள்ளை என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன். முன்பின் தெரியாதவனிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்த வாய், மாமனாரிடம் எங்கே போயிற்று?

உன் சொந்த ஜீப்புக்கு நீ ஷாஃப்ட் தேர்ந்தெடுத்த கதை எனக்கு மனப்பாடம். மாதக்கணக்கில் எங்கள் உயிரை வாங்கினாயே. இரண்டு முனையிலும் சாதாரண மூட்டு வைத்த ஷாஃப்ட் என்றால், மேல் மூட்டு எவ்வளவு மடங்குகிறதோ கீழ் மூட்டும் அவ்வளவே மடங்க வேண்டும். மேலே உண்டாகிற உதறலைக் கீழே இருப்பது அடக்கிவிடும். உன் ஜீப்பில் ஷாஃப்ட் குட்டை, தூக்கின உயரம் அதிகம், சாய்வு செங்குத்து. அதனால் மேல் முனையில் இரட்டை மூட்டு வைத்த ஷாஃப்ட்தான் சரி என்று முடிவு செய்தாய். அதற்கு ஏற்றபடி ஆப்பு வைத்து அச்சின் மூக்கை ஷாஃப்ட்டைப் பார்க்கிற மாதிரி மேலே தூக்கிவிட்டாய். இரண்டில் எதையாவது ஒன்றை எடு, இரட்டை மூட்டுக்குச் செய்த ஏற்பாட்டில் சாதாரண ஷாஃப்ட்டை மாட்டாதே, மாட்டினால் உதறியே கொல்லும் என்று நீயே சொன்னாய். நாலு சக்கரமும் தரையில் நிற்க, என்னையும் உன் அப்பாவையும் மேல்வீட்டுக் குடித்தனக்காரரையும் உள்ளே உட்கார வைத்து அளந்தாய். மண்ணூர்பேட்டையில் கொடுத்துச் செய்து, சுற்றிப் பார்த்துச் சமன் செய்து வாங்கி வந்தாய். அந்த ஷாஃப்ட் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? உன் கட்டிலுக்கு அடியில், கோணிச்சாக்கில் சுற்றி, என்னமோ திருட்டுச் சாமான் மாதிரி கிடக்கிறது. நேற்றுப் பெருக்கும்போது துடைப்பம் அதில் முட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி சம்பந்திக்கு வருகிறேன். சம்பந்தி, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். பிரபு, உன் மாமனார் பைபாஸ் ஓரத்தில் லாரி ஷாஃப்ட் பட்டறை வைத்திருக்கிறவர். அவர் பற்றவைத்த குழாய் லாரிக்கு லாரி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நிச்சயம் முடிந்த பிறகு, மாப்பிள்ளை வண்டிக்கு ஷாஃப்ட் என் கையால் செய்து சீராகத் தருவேன் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது தப்பில்லை. ஒரு திங்கட்கிழமை, பொழுது விடிந்ததும் விடியாததுமாக டேப்போடு வந்து நின்றார். அன்றைக்குப் பார்த்து ஜீப் ஸ்டாண்டில் நிற்கிறது. சேஸிஸுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறாய், சக்கரம் நாலும் அந்தரத்தில் தொங்குகிறது. ஏழரைக்கு ராகு காலம். "இன்னா மாப்ளே, இத்த எறக்கி ஏத்தினு இருந்தா நேரம் பூடும். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் கீது. நா பாக்காத ஷாஃப்ட்டா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போய், தொங்குகிற அச்சு வரைக்கும் அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். நீ பக்கத்தில் நின்றாய். அச்சு தொங்கினால் அளவு நீளும், தரையில் நிற்கும்போது குறையும், பாரம் ஏறினால் இன்னும் குறையும் என்று எனக்கு மடக்குக் குடையில் பாடம் எடுத்தவன், "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று மண்டையை ஆட்டினாய். நான் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். ராகு காலத்துக்குப் பயந்து எடுத்த அந்த அளவில்தான் நாளைக்கு நாலு உயிர் மலையேறப் போகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் சீர்த்தட்டுகளோடு அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்களே, அந்த நாளையும் மறக்க மாட்டேன். பழத்தட்டு, பூத்தட்டு, வெற்றிலைத் தட்டு, நடுவில் பெரிய தாம்பாளத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு அந்த ஷாஃப்ட். இரண்டு ஆள் தூக்கி வந்தார்கள். இரண்டு முனையிலும் சாதாரண மூட்டு. லாரிக் குழாய். "இன்னா சம்பந்தி, எப்படி கீது? உங்க பேரனுக்குக் கல்யாணம் ஆவுற வரிக்கும் அசையாது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மரியாதையாகத்தான் கேட்டேன்: "அண்ணா, சக்கரம் தொங்கும்போது அளந்தீங்களே, தரையில நிக்கும்போது சரியா வருமா?" அவ்வளவுதான். சம்பந்தியம்மா முகம் சுருங்கிவிட்டது. உன் அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். உன் அத்தை இருக்கிறாளே, என் நாத்தனார், "ஆரம்பிச்சுட்டாங்கப்பா மாமியார் வேலைய" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, சும்மா இரு. மாமா கரெக்டாதான் செஞ்சிருப்பாரு." என் வயிற்றில் பிறந்து, என்னிடமே குடை பிடித்துக் காட்டி, எனக்கே சும்மா இரு.

இதுதான் எனக்குக் கொதிக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா சீரைப் பற்றி வாய் திறந்தால் அது குறைசொல்வதாகத்தான் ஆகும். குத்துவிளக்கு ஆடுகிறது என்றாலும் குறை, பாத்திரம் ஒழுகுகிறது என்றாலும் குறை. ஷாஃப்ட் நீளம் என்று நான் சொன்னது, பெண் வீட்டார் இன்னும் போட வேண்டும் என்று நான் கேட்டதாக ஊருக்குள் போய்விட்டது. உன் சித்தி திருநின்றவூரிலிருந்து போன் செய்து, "ஏன்க்கா, அவங்க குடுத்தத வாங்கிக்க வேண்டியதுதானே" என்று எனக்கு உபதேசம் செய்தாள். எனக்கு எதுவும் வேண்டாமடா. அந்தப் பெண்ணைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட எனக்கு வேண்டாம். நான் பேசினால் குறை என்றாகும் என்பது உனக்குத் தெரியாதா? நீ ஒருத்தன் பேசியிருந்தால் அது பட்டறைப் பேச்சு. "மாமா, எறக்கிட்டு ஒரு தடவ அளந்துடலாம்" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவர் முகம் ஒரு நிமிஷம் சுண்டியிருக்கும், பிறகு அவரும் தொழில்காரர்தானே, குனிந்து பார்த்திருப்பார். அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க உனக்குத் தெம்பில்லை.

சின்ன வயதிலேயே நீ இப்படித்தான். குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு தீபாவளிக்கு என் அண்ணன் உனக்கு ஷூ வாங்கி வந்தார். ஆசை ஆசையாக வாங்கி வந்தது, ஒரு அளவு சின்னது. கால் உள்ளே போகும்போதே உன் முகத்தில் தெரிந்தது. "சரியா இருக்காடா?" என்று அவர் கேட்டதற்கு, "சூப்பரா இருக்கு மாமா" என்றாய். அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பட்டாசு வெடித்தாய். பள்ளிக்கூடத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனாய். நொண்டுகிறாயே என்று கேட்டால் விழுந்துவிட்டேன் என்றாய். கடைசியில் கட்டைவிரல் நகம் சீழ் வைத்து, டாக்டர் அதைப் பிடுங்கியபோது உன்னைப் பிடித்துக்கொண்டது நான். "மாமா வருத்தப்படுவாருன்னுதாம்மா சொல்லல" என்று அழுதாய். வீட்டுக்கு வந்ததும் அந்த ஷூவை எடுத்து அண்ணன் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் கோபித்துக்கொண்டு அடுத்த தீபாவளிவரை என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உன் கால் பிழைத்தது. அன்றைக்கு வலித்தது உன் காலுக்கு மட்டும். இப்போது உன் வண்டியில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து அந்த ஜீப்பில்தான் வர வேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டார். நீ உயர்த்தி வைத்திருக்கிற உயரத்துக்கு, பட்டுப்புடவையோடு சிந்து ஏற பிளாஸ்டிக் ஸ்டூல் போட வேண்டியிருந்தது. நான் பின்சீட்டில். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் என் காலுக்குக் கீழே தரை நடுங்க ஆரம்பித்தது. கும் கும் என்று ஒரு முனகல், பல் கூசுகிற மாதிரி. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் டங் என்று ஓர் இடி. வண்டியில் பாரமே இல்லை, அதற்கே இடிக்கிறது. சிந்து திரும்பி உன்னைப் பார்த்து, "ஏங்க, கீழ ஏதோ அதிருதே?" என்று கேட்டாள். "அது டயர் சத்தம். பெரிய பட்டன் டயர்ல, அப்படிதான் இருக்கும்" என்றாய். கழுத்தில் தாலி ஏறி அரைநாள் ஆகவில்லை, அதற்குள் காதில் பூ சுற்றினாய். பிரபு, கல்யாணமான பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்வது இதுதான்: அவள் அப்பா மனம் நோகக் கூடாது என்று அவளிடமே பொய் சொல்லிக் குடும்பம் நடத்தாதே. நல்லவன் என்று பெயர் எடுப்பதற்காகப் பக்கத்தில் இருக்கிறவளைப் பள்ளத்தில் தள்ளுவதற்குப் பெயர் மரியாதை இல்லை, கோழைத்தனம். பெற்றவள் சொல்கிறேன், உறைக்கட்டும்.

அந்த ஷாஃப்ட்டின் மேல் முனை ஓடும்போது உடைந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொன்னவனும் நீதான். தரையில் ஊன்றிக்கொண்டால் வண்டியையே எக்கித் தூக்கிக் கவிழ்க்கும் என்றாய். உன் ஜீப் பழைய மாடல், கைபிரேக்கும் அந்த ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது, அது போனால் மலைச்சரிவில் கைபிரேக்கும் இருக்காது என்றாய். அன்றைக்கு நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் சிந்து அடுப்படிக்கு வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவளும் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தாள். தோலை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "அத்தை, அது டயர் சத்தம் இல்லதானே?" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "நா ஷாஃப்ட்டு கடையில வளர்ந்தவ அத்தை. ஸ்கூல் விட்டு வந்தா அங்கதான் உக்காந்து எழுதுவேன். ஷாஃப்ட்டு உதறுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு ஏனம்மா அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா ஆசையா செஞ்சது. நா சொன்னா, கட்டிக்கினு போன ஒடனே அப்பாவ மட்டமாப் பேசுறா பாருன்னு இவரு நெனச்சுப்பாரோன்னு" என்றாள். கேட்டாயா பிரபு? அவள் அப்பாவைச் சொன்னால் அவள் மனம் நோகும் என்று நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். நீ தப்பாக நினைப்பாய் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கெஞ்சிக் கொஞ்சிக்கொண்டே அந்த மலையில் ஏறியிருப்பீர்கள். வெங்காயம் என்பதால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இன்று காலை சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, சாமிக்கு மாலையும் பழமும் வாங்க அப்பாவோடு ஆவடி மார்க்கெட்டுக்குப் போனாய் அல்லவா? நீ போன பிறகு நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். கைபிரேக்கை நம்பவில்லை; ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். நீ தூக்கி வைத்திருக்கிற உயரத்தில் ஒரு வசதி, இந்த இடுப்போடு நானே கோணி விரித்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள முடிந்தது. பின் அச்சுப் பக்கத்து நாலு போல்ட்டையும் கழற்றினேன். கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை இழுத்தேன். வரவில்லை. உலுக்கினேன், சுத்தியால் தட்டினேன், அசையவில்லை. பின்னால் ஒரு போல்ட்கூட இல்லை, ஆனால் ஷாஃப்ட் அங்கேயே சிக்கிக்கொண்டு நிற்கிறது. பின்வாங்கிச் சுருங்க அதற்கு இடமே இல்லை. இன்னும் நாலு பேர் வண்டியில் ஏறவில்லை, கவனி. எங்கேயாவது நழுவி விழப்போகிறதே என்று கொடிக்கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். நீ மார்க்கெட்டிலிருந்து வந்து விருந்துக்குக் கிளம்பிய அவசரத்தில் குனிந்தும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சம்பந்தியும் உங்களோடு வருகிறார். வரட்டும். அவரையே குனிந்து பார்க்கச் சொல். பார்த்த பிறகு, கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுத்து மாட்டு. அவரும் கூட நின்று மாட்டட்டும், அவர் கை ராசியான கைதான். அவர் செய்ததை வெட்டிக் குறைத்து வேறு வண்டிக்குப் போடலாம், அதுவும் வீண் போகாது. கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார் என்றால் போகட்டும், அடுத்த தீபாவளிக்குள் பேசுவார். என் அண்ணன் பேசவில்லையா?

தனியாக எப்படி அம்மா கழற்றினாய், மறுபக்கம் ஸ்பேனரை யார் பிடித்தது என்று இந்நேரம் உன் மண்டைக்குள் ஓடியிருக்கும். இலைக்கு எதிரில் உட்கார்ந்து உனக்குப் பாயசம் ஊற்றுகிறாளே, அவள்தான். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு மல்லாந்து படுத்துப் பிடித்தாள். நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் யோசிப்பதற்குள் திருப்பிவிட்டாள். இதைக் குரூப்பில் போடச் சொன்னதும் அவள்தான். "நா சொன்னா எங்கப்பா அழுவாரு அத்தை. நீங்க சொன்னா கோவப்படுவாரு. கோவம் வந்தா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு காட்றதுக்காவது டேப்ப எடுத்துக்கினு வந்து அளப்பாரு" என்றாள்.

சம்பந்தி, டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கிறது, பாரமும் ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம் ராகு காலம் கிடையாது, காலண்டரில் பார்த்துவிட்டேன். பிரபு, போல்ட்டுகளைத் தேடி அரிசி டிரம்மைக் கவிழ்க்காதே. இரண்டு என் முந்தானையில் முடிந்திருக்கிறது. மற்ற இரண்டும் உன் பெண்டாட்டியின் கைப்பையில் இருக்கின்றன. அவளிடம் நீயே கேட்டு வாங்கிக்கொள்.

அம்மா